டேலி ஓடிபிசி: பார்க்க நல்லது, எழுத வேறு வழி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு எழுந்து போகலாம். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளோடு சேர்ந்தே வரும் ஓடிபிசி, அதாவது டேலிக்குள் இருப்பதை மற்ற நிரல்கள் கேட்டு வாங்கும் வழி, நல்ல வசதி. தனியாகக் காசு கேட்பதில்லை, லெட்ஜர் பாக்கியைப் பார்க்கவும் எக்ஸலில் ஒரு ரிப்போர்ட் இழுக்கவும் தாராளமாகப் போதும். ஆனால் நாம் எழுதிய கோடிலிருந்து டேலிக்குள் வவுச்சர், அதாவது கணக்குப் பதிவு, போடலாம் என்று நம்பி இதைத் தொட்டால் வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அது படிக்க மட்டும் விடும், எழுத விடாது. எழுதுவதற்கு அதே போர்ட்டில் (மற்ற நிரல்கள் டேலியோடு பேசும் எண்ணிட்ட வாசல்) எக்ஸ்எம்எல் வழி, அதாவது தகவலைக் குறிச்சொற்களோடு எழுத்தாக அனுப்பும் வழி, ஒன்று இருக்கிறது, அதற்கு டிரைவரே (ஓடிபிசிக்கு நடுவில் நிற்கும் இணைப்பு நிரல்) வேண்டாம். இது தெரியாமல் டிரைவரோடு மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இதைப் பயன்படுத்துவது கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில். சொந்தத் தோட்டம் கிடையாது, சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது படகர் ஊர்களிலிருந்து, சிறு விவசாயிகள் தரும் பச்சை இலையை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி, நீலகிரியில் தடுக்கி விழுந்தால் இப்படி ஒன்று இருக்கும். வண்டியில் இலை வரும், எடை போடுவார்கள், ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள், சீட்டு கொடுப்பார்கள். அன்றைக்கு எடை மட்டும்தான் தெரியும், விலை தெரியாது. தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சை இலைக்கு ஒரு சராசரி விலை அறிவிக்கும், அது குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்து வரும், தூள் விற்ற பணத்தில் விவசாயிக்கு 65, ஃபேக்டரிக்கு 35 என்ற பங்கீடு அதற்கு அடிப்படை. ஆக மாதம் முழுக்கக் கிலோ மட்டும் சேர்ந்துகொண்டே போகும், விலை வந்த அன்று எல்லா விவசாயிக்கும் ஒரே மூச்சில் கணக்குப் போடணும், அட்வான்ஸ் கழிக்கணும், உரம் எடுத்திருந்தால் அதைக் கழிக்கணும், அப்புறம் அத்தனையும் டேலியில் ஏறணும். என் நிரல் வரும்வரைக்கும் கணக்கர் அண்ணாதான் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, எடை மெஷின் கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குல்ல, அதையே தூக்கி டேலில போட்டுடேன்" என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

டேலி பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எஃப்1 அழுத்தி செட்டிங்ஸ், அதற்குள் கனெக்டிவிட்டி, அதற்குள் கிளையண்ட் சர்வர் அமைப்பு. டேலி சர்வராகவும் இருக்கணும் என்று சொல்லி, ஓடிபிசிக்கு யெஸ் கொடுத்து, போர்ட் 9000 என்று விட்டுவிட்டால் போதும், ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லும். டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9 வைத்திருப்பவர்களுக்கு இதே விஷயம் எஃப்12க்குள் அட்வான்ஸ்டு கான்ஃபிகரேஷனில் இருக்கும். முதல் தடவை மட்டும் டேலியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதைச் செய்யுங்கள், டிரைவர் விண்டோஸில் பதிவாவதற்கு அந்த உரிமை வேண்டும். பிறகு எந்தக் கோடும் எழுதுவதற்கு முன் அதே கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 9000 என்று அடித்துப் பாருங்கள். டேலி சர்வர் ஓடுகிறது என்று ஒரே ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் டேலி பக்கம் சரி, இனிமேல் வரும் தகராறு எல்லாம் விண்டோஸுக்கும் உங்கள் கோடுக்கும் நடுவில். வராவிட்டால் டிரைவரை நோண்டி ஒரு பயனும் இல்லை. இவ்வளவு சின்னச் சோதனையைச் செய்யாமல் நேரே டிரைவரை அழித்துத் திரும்பப் போடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அந்த வரி வராததற்கு அதிகம் பார்த்த காரணம், 9000 போர்ட்டை வேறு யாரோ பிடித்து வைத்திருப்பது. 9000 என்பது டேலிக்கு எழுதிக் கொடுத்த எண் ஒன்றும் இல்லை, பிஎச்பியின் எஃப்பிஎம், சோனார்க்யூப் என்று பல சாமான்கள் அதே எண்ணைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்ளும், அதே மெஷினில் டேலியையே இரண்டு தடவை திறந்து வைத்திருந்தாலும் இரண்டாவதுக்குப் போர்ட் கிடைக்காது. கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ மூன்றும் சேர்த்துக் கொடுத்தால் 9000இல் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற எண் கிடைக்கும், அதை டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஆள் சிக்கிவிடுவார். போர்ட்டை 9001 என்று மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை, ஆனால் டேலி உண்டாக்கும் டிஎஸ்என், அதாவது நிரல்கள் தேடும் டேட்டா சோர்ஸ் பெயர், அதிலேயே போர்ட் எண் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். டேலிஓடிபிசி64, அண்டர்ஸ்கோர், 9000 என்று இருந்த பெயர் கடைசியில் 9001 ஆகிவிடும், உங்கள் கோடு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

அப்போது வருவதுதான் புகழ்பெற்ற ஐஎம்002 என்ற பிழை. டேட்டா சோர்ஸ் பெயரைக் காணோம், டீஃபால்ட் டிரைவரும் சொல்லவில்லை என்று அர்த்தம். இதைப் பார்த்ததும் டிரைவரே இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள். டிரைவர் பெரும்பாலும் இருக்கும், உங்கள் நிரல் பார்க்கும் இடத்தில் இருக்காது, அவ்வளவுதான். நிரல்கள் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை, 64 பிட் விண்டோஸில் ஓடிபிசிக்கும் அப்படி இரண்டு தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. 32 பிட் நிரலுக்கு 32 பட்டியல் மட்டும்தான் தெரியும், 64க்கு 64 மட்டும்தான். பட்டியலைத் திறக்கும் நிரலுக்கு இரண்டு இடத்திலும் ஓடிபிசிஏடி32 என்றே பெயர், அதில் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருப்பது 32 பிட். ஆமாம், எழுத்துப் பிழை இல்லை, பெயரில் உள்ள எண்ணுக்கு நேர் எதிர்தான். இந்தப் பெயரை வைத்த மகராசன் யாரோ, நல்லா இருக்கட்டும். பழைய நிரல்கள் உடையக் கூடாதென்று சிஸ்டம்32 என்ற பெயரை 64 பிட்டுக்கு அப்படியே விட்டுவைத்தார்கள், அந்தச் சௌகரியத்துக்கு நாம் இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பைத்தான்காரர்களுக்கு ஒரு சுலபமான வழி. பைஓடிபிசியை இம்போர்ட் செய்து டிரைவர்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் உங்கள் பைத்தான் கண்ணுக்குத் தெரியும் டிரைவர்கள் மட்டும் பட்டியலாக வரும். டேட்டாசோர்ஸஸ் என்று கூப்பிட்டால் டிஎஸ்என் பெயர்கள் வரும். அதில் டேலி இல்லையென்றால் பைத்தான் எத்தனை பிட் என்று பாருங்கள், மற்ற எதையும் தொடாதீர்கள். பெயர் தெரிந்தும் ஐஎம்014 வந்தால் டிஎஸ்என் ஒரு பிட், நிரல் இன்னொரு பிட் என்று அதுவே சொல்லிவிடுகிறது. எக்ஸலில் இழுப்பவர்களும் இதே கண்ணோடு பாருங்கள், விண்டோஸ் 64 பிட்டாக இருக்கும், ஆபீஸ் 32 பிட்டாக இருக்கும், பழைய கம்ப்யூட்டர்களில் இது சர்வ சாதாரணம்.

எங்கள் ஃபேக்டரியில் உண்மையான சிக்கல் இதற்கு அடுத்த படி. எடைக் கணக்கு மென்பொருள் பழசு, தகவலை எல்லாம் எம்டிபி என்று முடியும் ஆக்சஸ் ஃபைலில் வைத்திருக்கிறது. அந்த எம்டிபியைப் படிக்க விண்டோஸோடு வரும் ஜெட் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் உண்டு, 64இல் கிடையவே கிடையாது. டேலியின் டிரைவரோ அங்கே 64. ஒரே பைத்தான் நிரலுக்குள் இரண்டையும் ஏற்ற முடியாது, ஒன்றைத் திருத்தினால் மற்றது ஐஎம்002 என்று கத்தும். 64 பிட் ஆக்சஸ் டேட்டாபேஸ் எஞ்சினைத் தனியாக இறக்கிப் போடலாம் என்று பார்த்தால், ஏற்கெனவே 32 பிட் ஆபீஸ் இருக்கிறது, இதைப் போட மாட்டேன் என்று இன்ஸ்டாலர் நின்றுவிடும். அதை ஏமாற்றிச் சத்தமில்லாமல் நிறுவும் வழி உண்டு, செய்கிறவர்கள் செய்கிறார்கள், ஆனால் கணக்கர் தினமும் எக்ஸல் திறக்கும் மெஷினில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆபீஸ் கோளாறானால் சம்பளப் பட்டியலும் சேர்ந்து நிற்கும்.

எடை மென்பொருளை விற்றவர்களிடம் கேட்டதில் வந்த ஆள், பெயர் வேண்டாம், பிரவுசர் சோதனையும் செய்யவில்லை, பிட் என்ன என்றும் பார்க்கவில்லை. டேலியை அழித்துத் திரும்பப் போடுங்கள், விண்டோஸையே ஃபார்மட் செய்துவிட்டால் இன்னும் நல்லது என்றார். வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறவர்கள் சொல்லும் யோசனை இது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்ததற்குப் பெட்ரோல் காசும் பில்லில் இருந்தது. இந்த மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஃபார்மட் என்ற வார்த்தை வந்த உடனேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தீர்வு எக்ஸ்எம்எல் பக்கத்திலிருந்து வந்தது. டேலிக்கு அதே 9000 போர்ட்டில் எச்டிடிபி வழியாக ஒரு எக்ஸ்எம்எல் கட்டு அனுப்பினால் அது படித்துப் பதில் சொல்லும், ரிப்போர்ட் கேட்டால் ரிப்போர்ட், வவுச்சர் கொடுத்தால் பதிவு. நடுவில் டிரைவர் இல்லை, டிஎஸ்என் இல்லை, 32, 64 என்ற பேச்சே இல்லை. ஆக 32 பிட் பைத்தான் ஒன்றைப் போட்டு, அதில் ஜெட் வழியாக எம்டிபியைப் படித்து, அதே நிரலிலிருந்து எக்ஸ்எம்எல்லாக டேலிக்கு அனுப்பினால் முடிந்தது. ஓடிபிசி அந்த ஓட்டத்தில் எங்குமே இல்லை. முதலாளிக்கு மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எக்ஸலில் காட்டும் ஷீட்டுக்கு மட்டும் ஓடிபிசி வைத்திருக்கிறேன், அதில் அது பிரமாதமாக வேலை செய்கிறது.

அந்த ஷீட்டைப் பற்றிக் கொஞ்சம். டேலி உள்ளே எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இல்லை, ஆனால் செலக்ட் வாக்கியம் புரிந்துகொள்ளும். லெட்ஜர், ஸ்டாக் ஐட்டம், கம்பெனி என்று மாஸ்டர்கள் டேபிளாகத் தெரியும், நெடுவரிசைப் பெயருக்கு முன்னால் டாலர் குறி போடணும், இறுதிப் பாக்கிக்கு டாலர் குறியோடு அண்டர்ஸ்கோரும் சேரும். இன்சர்ட், அப்டேட் எல்லாம் இங்கே கிடையாது. டெபிட் பாக்கி மைனஸாக வரும், கிரெடிட் பிளஸாக வரும், இதைப் பார்த்து முதலாளி ஒருமுறை பதறிப்போனார், அட்வான்ஸ் வாங்கிய விவசாயிகள் எல்லாம் மைனஸில் நிற்பதைப் பார்த்து ஏதோ நஷ்டம் என்று நினைத்துவிட்டார்! ஷீட்டில் குறியைத் திருப்பிப் போட்டுவிட்டால் நிம்மதி. இன்னொன்று, ஓடிபிசி பதில் சொல்வது திரையில் இப்போது எந்தக் கம்பெனி திறந்திருக்கிறதோ அதற்கு. ஃபேக்டரிக்கு ஒரு கம்பெனி, முதலாளி குடும்பத்துக்கு வேறு ஒரு கணக்கு என்று வைத்திருக்கும் இடங்களில் கணக்கர் மாற்றித் திறந்த நேரத்தில் நீங்கள் ரிஃப்ரெஷ் அழுத்தினால் வேறு கணக்கு வந்து உட்காரும், பிழைச் செய்தி எதுவும் வராது. எக்ஸ்எம்எல்லில் எந்தக் கம்பெனி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று கேட்கும்போதே எழுதிவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே முக்கியமான ரிப்போர்ட்டை நான் ஓடிபிசியில் எடுக்க மாட்டேன்.

எக்ஸ்எம்எல் வழி சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்று இடைவெளி இல்லாமல் எட்டு இலக்கமாகத்தான் எழுதணும். டெபிட் வரிக்குத் தொகை மைனஸ், கூடவே டீம்டு பாசிட்டிவ் என்ற இடத்தில் யெஸ், கிரெடிட்டுக்கு நேர் எதிர், இது மனசில் ஏறுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும். லெட்ஜர் பெயரில் & குறி இருந்தால் அதை எக்ஸ்எம்எல்லுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதாவிட்டால் கட்டு மொத்தமும் உடையும், உரக்கடைப் பெயர்களில் இந்தக் குறி இல்லாத கடை ஏது? விவசாயி பெயரில் லெட்ஜர் இல்லையென்றால் அப்படி ஒரு லெட்ஜர் கிடையாது என்று பதிலில் லைன் எரராக வரும். எத்தனை உருவானது, எத்தனை திருத்தப்பட்டது, எத்தனை பிழை என்று டேலி எண்ணிக்கை கொடுக்கிறது, அதைப் படிக்காமல் எச்டிடிபி 200 வந்தது, வேலை முடிந்தது என்று போகிறவர்கள் ஆடிட்டரிடம்தான் மாட்டுவார்கள். பிழை இருந்தாலும் 200தான் வரும்.

மலையில் இருப்பவர்களுக்கு இதையும் தனியாகச் சொல்லணும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, யூபிஎஸ் தாங்கும் நேரம் நமக்குத் தெரிந்ததுதான். வவுச்சர் போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் கரண்ட் போனால் நிரலுக்கு அது போனதா இல்லையா என்று தெரியாது. மறுபடி அனுப்பினால் அதே விவசாயிக்கு இரண்டு தடவை வரவு விழும். அதனால் ஒவ்வொரு வவுச்சரிலும் சீட்டு எண்ணை நேரேஷனில் (குறிப்பு எழுதும் இடத்தில்) போடுகிறேன், அனுப்பும் முன் அந்த மாத வவுச்சர்களை எக்ஸ்எம்எல்லில் இழுத்து ஏற்கெனவே இருக்கிற சீட்டுகளைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறேன். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும். கணக்கர் பெரிய ரிப்போர்ட் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் நம் கேள்விக்கு டேலி உடனே பதில் சொல்லாது, அதனால் நிரலில் டைம்அவுட்டைக் கஞ்சத்தனமாக வைக்காதீர்கள். எடை ஃபைலையும் கவனியுங்கள். எல்டிபி என்று முடியும் ஒரு குட்டி ஃபைல் பக்கத்தில் இருந்தால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மாலையில் இலை வண்டி வரிசையாக நிற்கும் நேரத்தில் அதைப் போய்த் தொடாமல், ஃபைலைப் பிரதி எடுத்து அந்தப் பிரதியைப் படிப்பது நல்லது.

இரவில் டாஸ்க் ஷெட்யூலரில் தானாக ஓடட்டும் என்று வைப்பவர்களுக்கு இரண்டு தடை. யூசர் டிஎஸ்என் அதை உண்டாக்கிய விண்டோஸ் யூசருக்கு மட்டும்தான் தெரியும், ஷெட்யூலர் சிஸ்டம் என்ற பெயரில் ஓடினால் மறுபடி ஐஎம்002, அதற்கு சிஸ்டம் டிஎஸ்என் வேண்டும். அதைச் சரிசெய்தாலும், டேலி என்பது திரையில் திறந்திருக்க வேண்டிய மென்பொருள், பின்னால் சத்தமில்லாமல் ஓடும் சர்வீஸ் இல்லை. விண்டோஸ் அப்டேட் ராத்திரி மெஷினை ரீஸ்டார்ட் செய்துவிட்டால் காலையில் யாராவது வந்து டேலியைத் திறந்து கம்பெனியை ஏற்றும்வரை ஓடிபிசியும் இல்லை, எக்ஸ்எம்எல்லும் இல்லை. எனக்கு இந்த மென்பொருளில் பெரிய குறை இதுதான். கணக்கர் அண்ணா இதைக் குறையாகவே பார்க்கவில்லை. "நான் இல்லாதப்ப என் கணக்குல எதுவும் ஏறக் கூடாது தம்பி, அதுதான் நல்லது" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால் இப்போது அவர் வந்து பட்டனை அழுத்தினால்தான் ஓடும்படி வைத்திருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் ஆரம்பிக்கலாம், ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் ஏறும். 15ஆம் தேதி வவுச்சரை அனுப்பிவிட்டு உங்கள் எக்ஸ்எம்எல்லில் பிழை தேடிக்கொண்டிருக்காதீர்கள். லைசென்ஸ் வாங்குவதானால், ஒரே மெஷின், ஒரே கணக்கர் என்றால் ஒருவருக்கான சில்வர் போதும், கணக்கர் வேலை செய்யும் அதே டேலியோடுதான் உங்கள் நிரலும் பேசும், அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து ஓட்டிக்கொள்ளுங்கள். எடை மேடையில் ஒருவர், ஆபீஸில் இரண்டு பேர், குன்னூரில் ஏலக் கணக்குப் பார்க்க ஒருவர் என்று பெருகிவிட்ட ஃபேக்டரிகள் பலருக்கான கோல்டு எடுத்து, மூலையில் ஒரு மெஷினில் ஒரு டேலியை நிரலுக்கென்றே திறந்து வைத்துவிடலாம், அதன் மானிட்டரில் "இதை மூடாதீர்கள்" என்று தமிழில் ஒரு தாள் ஒட்டினால் போதும், எங்கள் பக்கத்து ஃபேக்டரியில் அப்படித்தான் ஓடுகிறது.